எழுத்துத் தமிழில் காணப்படும் பிழைகள்

எழுத்துத் தமிழில் காணப்படும் பிழைகள் என்பன நாளிதழ், சுவரொட்டி, அறிவிப்புப் பலகை, கடிதம், தேர்வு விடைத்தாள் முதலிய அன்றாட எழுத்தில், மரபிலக்கண விதிகளிலிருந்து விலகி வழங்கும் சொல்வடிவங்களைக் குறிக்கும். தமிழ் இரட்டை வழக்கு மொழி ஆதலால், பேச்சில் இயல்பாக இருக்கும் ஒரு வடிவம் எழுத்தில் பிழையாகிறது. எனவே எல்லா விலகல்களையும் ஒரே தன்மையினவாகக் கொள்ள இயலாது. ஆங்கிலத்திலும் இத்தகைய குறைகாணல் மரபு உண்டு. ஃபவுலர் 1926 இல் வெளியிட்ட பயன்பாட்டு அகராதியும், லின் டிரஸ் 2003 இல் நிறுத்தக்குறிகளைப் பற்றி எழுதி மிகுதியாக விற்பனையான நூலும் இதற்குச் சான்றுகள். ஆனால் அங்கு அப்பாஸ்ட்ரபியும் காற்புள்ளியும் பெறும் இடத்தை இங்கு வல்லின ஒற்று பெற்றுள்ளது எனலாம்.

ஒற்றுப்பிழை

மாணவர் மிகுதியாக மதிப்பெண் இழப்பது இதில்தான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றின் பின்னும், ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகளின் பின்னும் க, ச, த, ப வந்தால் வல்லினம் மிகும். உருபு மறைந்திருந்தால் இரண்டாம் வேற்றுமையில் மிகாது. எடுத்துக்காட்டாக, "வலையைப் பின்னினார்" என்பதில் ஒற்று உண்டு. "வலை பின்னினார்" என்பதில் இல்லை. "வேலை கொடு" என்றால் பணி கேட்பதாகவும், "வேலைக் கொடு" என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கேட்பதாகவும் பொருள்படும். நடுகல் வினைத்தொகை ஆதலால் அதில் ஒற்று இல்லை. அதை "நடுக்கல்" என எழுதினால் சொல்லே வேறாகிவிடும். ஒற்று வெறும் அலங்காரம் என்போர்க்கு இவை போதிய விடையாகும்.

கள் விகுதியைப் பற்றிய பூசல் தனியானது. பூக்கள், பசுக்கள், தெருக்கள் என்பவற்றில் ஒற்று மிகுவதில் ஐயமில்லை. வாழ்த்து, எழுத்து போன்ற வன்தொடர்க் குற்றியலுகரச் சொற்களில் கள் விகுதி சேரும்போது மிகாது என்பர் ஒருசாரார்; "வாழ்த்துக்கள்" என எழுதினால் அது குடிக்கும் கள்ளாகிவிடும் என்ற நகைச்சுவையும் அவர்களுடையதே. எனினும் "எழுத்துக்கள்" என்ற வடிவம் அச்சு நூல்களில் நெடுங்காலமாகவே இடம்பெற்று வருவதால், இதைத் தீர்ந்த வழக்காகக் கருத முடியாது. நாள்கள், நாட்கள் என்பவற்றைப் பற்றிய வாதமும் இத்தகையதே.

ஒலி மயக்கம்

ண, ன ஆகியவற்றையும், ர, ற ஆகியவற்றையும், ல, ள, ழ ஆகியவற்றையும் பேச்சில் பலர் வேறுபடுத்துவதில்லை. அதனால் கரை கறையாகிறது, பணி பனியாகிறது. நினைவில் மிகக் கொள்ளுதல் என்னும் பொருளுடைய "நினைவுகூர்தல்", சொல்லுதல் என்னும் பொருளில் "நினைவு கூறுதல்" என எழுதப்படுகிறது. 1964 திசம்பர் 22, 23 நாள்களில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் போன்ற நிகழ்வுகளைப் பற்றி எழுதும்போது தவறாமல் தேவைப்படும் சொல் இது.

கணினியும் இப்பிழையை வளர்த்துள்ளது. ஆங்கில விசைகளைக் கொண்டு ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்வோர் ண, ள, ற ஆகியவற்றுக்கு ஷிப்ட் விசையை அழுத்த வேண்டியுள்ளது. விரல் தவறினால் மணல் மனலாகிவிடும். தமிழ்99 விசைப்பலகையில் இவ்வெழுத்துகளுக்குத் தனித்தனி விசைகள் இருப்பதால் இவ்வகைத் தவறு குறைவு.

ஒப்புமையால் தோன்றும் வடிவங்கள்

கிணறு, வயிறு என்பன கிணற்றில், வயிற்றில் என ஒற்று இரட்டித்து உருபேற்கும். இதைப் பார்த்துச் சுவர் என்பதையும் "சுவற்றில்" என எழுதுகின்றனர். சுவர் ரகர மெய்யில் முடியும் சொல். எனவே "சுவரில்" என்பதே சரியானது. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பற்றி எழுதுவோர் கவனிக்க வேண்டிய சொல் இது.

முயல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் முயற்சி. அப்பெயரை மீண்டும் வினையாக்கி "முயற்சிக்கிறேன்" என எழுதுவதைவிட "முயல்கிறேன்" அல்லது "முயற்சி செய்கிறேன்" என்பது நன்று. அருகுதல் என்பதற்குக் குறைதல் என்ற பொருள் இருப்பதால், "அருகாமை" என்பது குறையாமை என்றே பொருள்படும். அண்மையைக் குறிக்க "அருகில்" போதும். பதற்றம் என்பதே சரியான வடிவம். "பதட்டம்" அதன் திரிபு.

வழக்கு வென்ற இடங்கள்

அன்று ஒருமைக்கும், அல்ல பன்மைக்கும் உரியவை. "தனுஷ்கோடி தனித்தீவு அன்று, பாம்பன் தீவின் தென்கிழக்கு முனை" என்பதே இலக்கணப்படி சரியானது. இன்று "அல்ல" எல்லா இடத்தும் வழங்குகிறது. உயிரெழுத்தின் முன் "ஓர்" வரவேண்டும் என்ற விதியும் (ஓர் ஊர், ஒரு கடல்) இவ்வாறே தளர்ந்து வருகிறது. கட்டுரையில் இவற்றைப் பின்பற்றுவது அழகு சேர்க்கும். ஆனால் பின்பற்றாதவரைத் தமிழறியாதவர் என இகழ்வது மிகையாகும்.

வட்டார வழக்கைப் பிழை எனக் கொள்வது இதனினும் பெரிய தவறு. கச்சான், சோழகம், வாடை எனக் காற்றின் திசைகளுக்குக் கடற்கரையோர் வழங்கும் பெயர்களும், மீன் கிடைக்கும் அளவைக் குறிக்கும் "மீன்பாடு" என்ற சொல்லும் கொச்சை அல்ல. தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள நிலமுனையின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அரித்தல் என்பதில் உள்ள தகர ஒற்றுகள் பேச்சில் சகரமாகி "அரிச்சல்" ஆகும்; கடல் அரிக்கும் முனை அரிச்சல்முனை என இப்பெயரை விளக்கலாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அங்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 2017 இல் திறக்கப்பட்டபோது, இப்பேச்சு வடிவமே அரசு ஆவணங்களிலும் வழங்கியது. அதை "அரித்தல்முனை" எனத் திருத்த யாரும் முன்வராதது நல்லதே.

ஊர்ப்பெயர்கள்

வில் எனப் பொருள்படும் வடசொல்லும், முனை எனப் பொருள்படும் கோடி என்பதும் சேர்ந்தது தனுஷ்கோடி. கோடிக்கரையிலும் இதே கோடிதான் உள்ளது. எண்ணைக் குறிக்கும் கோடியுடன் இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. கிரந்த எழுத்தைத் தவிர்ப்போர் தனுக்கோடி என எழுதுவர். நன்னூலின் பதவியலில் வடமொழியாக்கம் பற்றிய விதிகள் உள்ளன. விஷம் விடமானது அவ்வழியே. ரகரம் சொல்லின் முதலில் வாராது என்பதால் ராமநாதபுரம் இராமநாதபுரம் ஆகிறது. ராமேஸ்வரம், இராமேசுவரம் ஆகிய இரண்டும் இன்று வழக்கில் உள்ளன. தேவாரத்தில் இவ்வூர் இராமேச்சுரம் எனப்படுகிறது.

ஆங்கிலத்தில் எழுதுவதிலும் சிக்கல் உண்டு. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தமிழ் ஒலிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என 1018 பெயர்களை மாற்றித் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை 2020 சூனில் வெளியானது. தூத்துக்குடி போன்ற பெயர்களுக்கு அளிக்கப்பட்ட நீண்ட எழுத்துக்கூட்டல்கள் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. அம்மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

திருத்தும் ஆர்வம்

இராமநாதபுரத்தைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901 இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். 1902 இல் தொடங்கிய அதன் இதழான செந்தமிழுக்குச் சேதுபதி அவைப்புலவர் ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியரானார். தேவரைப் பற்றி வழங்கும் ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் எதுகை, மோனை பிழைபட்டுள்ளன எனக் கருதித் திருக்குறளைத் "திருத்தி" அச்சிட்டார் என்றும், அப்படிகளை எல்லாம் தேவர் விலைகொடுத்து வாங்கி எரித்தார் என்றும் கூறுவர். பிழை காண்பவரின் பிழையே பெரிதாகிவிடுவதற்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மென்பொருள் திருத்திகள்

ஆங்கிலச் சொற்பட்டியல் முறை தமிழுக்குப் போதாது. ஒரு வினையடி காலம், இடம், எண், பால் விகுதிகளையும் துணைவினைகளையும் ஏற்று ஆயிரக்கணக்கான வடிவங்களைப் பெறுவதே காரணம். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளையும், நாவி சந்திப்பிழைகளையும் சுட்டுகின்றன. எனினும் "வேலை கொடு", "வேலைக் கொடு" ஆகிய இரண்டும் விதிப்படி சரியான தொடர்களே ஆதலால், எழுதுபவர் கேட்பது பணியா வேலா என்பதை ஒற்று விதியை மட்டும் கொண்டு எந்தத் திருத்தியாலும் அறிய முடியாது.