செம்பருத்தி

செம்பருத்தி அல்லது செம்பரத்தை என்பது மால்வேசியே குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான ஒரு புதர்ச்செடி ஆகும். இலங்கையில் இது செவ்வரத்தை எனப்படுகிறது. இதன் தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பமண்டல நாடுகளில் வீட்டுத் தோட்டங்கள்தோறும் காணப்படும் இச்செடி, காட்டில் இயற்கையாக வளரும் நிலையில் எங்கும் அறியப்படவில்லை. மனிதர் நட்டு வளர்த்ததாலேயே இது உலகெங்கும் பரவியுள்ளது.

பெயரும் தோற்றமும்

17ஆம் நூற்றாண்டில் கேரளத் தாவரங்களைப் பற்றி வெளியான 'ஓர்த்தூஸ் மலபாரிக்கஸ்' என்னும் இலத்தீன் நூலில் இச்செடி அதன் மலையாளப் பெயராலேயே விவரிக்கப்பட்டுள்ளது. 1753இல் லின்னேயஸ் இதற்குச் 'சீனத்து ரோஜா' எனப் பொருள்படும் இனப்பெயரை இட்டார். இதனால் இதன் தாயகம் சீனா என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த இரு இனங்களின் கலப்பால் மனிதர் வளர்ப்பில் உருவான செடியே இது என்று அண்மைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

வளரியல்பு

செம்பருத்தி சுமார் 2.5 முதல் 5 மீட்டர் உயரம் வரை வளரும். இலைகள் தனியிலைகள், தண்டில் மாற்றடுக்காக அமைந்து, முட்டை வடிவில், பளபளப்பாக, பல் போன்ற விளிம்புடன் இருக்கும். இலையையோ பூவையோ கசக்கினால் வழவழப்பான பசைப்பொருள் வெளிப்படும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இதற்கு ஏற்றவை. கடுங்குளிரை இது தாங்காது.

பூவின் அமைப்பு

பூக்கள் இலைக்கோணங்களில் தனித்தனியாகத் தோன்றுகின்றன. பெரும்பாலான வகைகளில் ஒரு பூ ஒரு நாளே மலர்ந்திருக்கும். பூவின் பாகங்கள் பெரியனவாகவும் எளிதில் பிரித்துப் பார்க்கக்கூடியனவாகவும் இருப்பதால், தாவரவியல் வகுப்புகளில் இருபாற்பூவுக்கு எடுத்துக்காட்டாக இது பயன்படுகிறது.

புல்லிவட்டம்: ஐந்து புல்லிகள் இணைந்தது. இதன் வெளிப்புறத்தில் ஐந்து முதல் எட்டு வரையான சிறு புறப்புல்லிகள் காணப்படும்.

அல்லிவட்டம்: ஐந்து இதழ்கள், ஒன்றன்மேல் ஒன்று படியும் வண்ணம் திருகு அமைவில் உள்ளன.

மகரந்தத்தாள்கள்: பல. இவற்றின் தாள்கள் ஒன்றிணைந்து, சூல்தண்டைச் சூழ்ந்த ஒரு குழலாகின்றன. ஒவ்வொரு மகரந்தப்பையும் சிறுநீரக வடிவில், ஓரறையுடன் இருக்கும்.

சூலகம்: ஐந்து அறைகள் கொண்ட மேல்மட்டச் சூற்பை. சூல்தண்டு, மகரந்தத்தாள் குழலின் ஊடாக வெளிவந்து ஐந்து சூல்முடிகளாகப் பிரியும்.

அடுக்குச் செம்பருத்தி வகைகளில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாக மாறியிருப்பதே இதழ்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம்.

இனப்பெருக்கம்

தேன்சிட்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் தேனுக்காக இப்பூவை நாடி வருகின்றன. எனினும் தோட்டச் செம்பருத்தி இயல்பாகக் காய்ப்பது அரிது. கலப்பினத் தோற்றமும், வகைக்கு வகை வேறுபடும் குரோமோசோம் எண்ணிக்கையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனவே தண்டுத் துண்டுகளை நட்டோ, பதியம் போட்டோ, ஒட்டுக் கட்டியோ இதைப் பெருக்குகின்றனர். இவ்வாறு உண்டாகும் செடி தாய்ச்செடியின் மரபியல்புகளையே கொண்டிருக்கும். பல நிறங்களில் காணப்படும் புதிய வகைகள், கையால் மகரந்தச் சேர்க்கை செய்து பெற்ற விதைகளிலிருந்து உருவாக்கப்படுபவை. தொடர்ந்து நட்டுப் பேணுவோர் இல்லையெனில் ஒரு வகை முற்றிலும் அழிந்துபோகக்கூடும்.

மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியன இச்செடியைத் தாக்கும் முதன்மையான பூச்சிகள் ஆகும்.

பயன்கள்

பூவும் இலையும் தலைமுடிக்கான எண்ணெயிலும் அரைப்பிலும் சேர்க்கப்படுகின்றன. இதழ்களைத் தேய்த்துக் காலணிகளுக்கு மெருகேற்றும் வழக்கமும் இருந்தது. சிவப்பு இதழ்ச் சாறு அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதால், பள்ளி ஆய்வகங்களில் இயற்கை நிறங்காட்டியாகப் பயன்படுகிறது. வங்காளத்தில் காளி வழிபாட்டுக்குச் சிவப்புச் செம்பருத்தி சிறப்பானதாகக் கருதப்படுகிறது. மலேசியா 1960இல் இதனைத் தேசிய மலராக அறிவித்தது. அங்கு இது 'புங்கா ராயா' எனப்படுகிறது.

எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளில், பூவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சாறு கருத்தரித்தலைத் தடுக்கும் இயல்பைக் காட்டியுள்ளது. ஆகவே கருவுற்ற பெண்கள் இதனை மருந்தாக உட்கொள்வது பாதுகாப்பானதன்று.

கடைகளில் கிடைக்கும் புளிப்பான செம்பருத்தித் தேநீர் பெரும்பாலும் இச்செடியிலிருந்து பெறப்படுவதில்லை. அது புளிச்சைக்கீரை வகையைச் சேர்ந்த ரொசெல் என்னும் செடியின் சதைப்பற்றான புல்லிகளைக் காயவைத்துத் தயாரிக்கப்படுகிறது.