சேலத்து மண்ணும் ஒரு பழைய ஹெட்போனும்

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஆன்லைனில் விலை குறைந்த மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டில் கிடந்த பழைய ஹெட்போனைச் சொருகினால் ஒரு காதில்தான் சத்தம் வருகிறதாம். "இதை எப்படி சரி பண்றது ப்ரோ? எங்க ஊர்ல நிறைய பழைய பொருள் கிடைக்கும்னு சொல்றாங்க." கேள்வி ரெண்டே வரிதான். ஆனா அந்த ரெண்டாவது வரிக்காகத்தான் இன்னைக்கு முழு எபிசோடே.

முதல் வரியை முதலில் முடிச்சிடலாம். நம்ம ஹெட்போன் பின்னின் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். டிடெக்டரில் இருப்பதோ பெரும்பாலும் மோனோ சாக்கெட். அதில் அந்த நடு வளையம் நேராகக் கிரவுண்டில் போய் முட்டும். வலது காது அவுட். ஹெட்போனில் ஒரு பழுதும் இல்லை. மோனோ பின், ஸ்டீரியோ சாக்கெட் இருக்கிற கன்வெர்ட்டர் ஒன்று எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், வேலை முடிஞ்சுது. சால்டரிங் தெரிந்தவர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது: கிரவுண்டைத் தொடாமல் விட்டுவிட்டு இடது, வலது இரண்டையும் சீரீஸில் இணைக்கலாம். 32 ஓம் ஸ்பீக்கர் இரண்டு சேர்ந்து 64 ஓம் ஆகும், டிடெக்டருக்குச் சுமை குறையும். இரண்டு காதும் எதிரெதிர் ஃபேஸில் அடிக்கும். பாட்டு கேட்க அது கேவலமாக இருக்கும், 'பீப்' கேட்க அதைப் பற்றிக் கவலையே இல்லை.

வால்யூம் குமிழ் இல்லாத டிடெக்டர் என்றால் நடுவில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டராவது போடுங்க. திடீரென்று ஒரு இரும்பு ஆணி மேல் போனால் காது கிழியும். புளூடூத் வேண்டாம். 150 மில்லிசெகண்ட் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். கையை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், சத்தம் கேட்கும்போது காயில் 15 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். லேட்டன்சியால் தப்பான இடத்தில் குழி. நம்ம துறை ஆட்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

சரி, டிஸ்ப்ளே எல்லாம் வந்த பிறகும் ஏன் இந்தக் கருவி காதோடு பேசுகிறது? ஏன்னா அது பிறந்ததே ஒரு டெலிபோனுக்குள்.

1881 ஜூலை 2. அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுடுகிறான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே வர இன்னும் 14 வருஷம் இருக்கு. டாக்டர்கள் கழுவாத விரலை விட்டுத் தேடுகிறார்கள். அப்போது அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு யோசனையோடு வருகிறார். டேவிட் ஹியூஸ் 1879-ல் செய்த 'இண்டக்‌ஷன் பேலன்ஸ்' என்ற அமைப்பில் இரண்டு காயில்கள் ஒன்றையொன்று சமன் செய்து அமைதியாக இருக்கும். பக்கத்தில் உலோகம் வந்தால் அந்தச் சமநிலை கெடும். கெடுவதைக் காட்ட பெல் தன்னுடைய டெலிபோன் ரிசீவரையே காதில் வைத்துக்கொண்டார். முந்தைய போரில் சுடப்பட்டு, குண்டை உடம்பிலேயே சுமந்து திரிந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தபோது வேலை செய்தது.

ஜூலை 26-ல் வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி. வெறும் கரகரப்பு, கண்டன்ஸரைத் தப்பாக இணைத்திருந்தார்கள். புரொடக்‌ஷனில் டெமோ காட்டிய எவருக்கும் இந்த வலி புரியும். ஆகஸ்ட் 1-ல் மறுபடி. இந்த முறை ஒரு இடத்தில் மட்டும் கேட்க வேண்டிய சத்தம் ஒரு பெரிய பரப்பு முழுக்க மெலிதாகக் கேட்டது. மறுநாள்தான் பெல்லுக்குத் தெரிந்தது, அதிபரின் மெத்தைக்கு அடியில் இரும்புக் கம்பிச் சுருள்! அதோடு தலைமை மருத்துவர் பிளிஸ், வலது பக்கத்தை மட்டும்தான் தேட விட்டார். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இருந்தது இடது பக்கம்.

இந்த மெத்தையை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. சேலத்துக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்த பெரிய பாய்ச்சல் இரண்டாம் உலகப் போரில். 1941 தொடக்கத்தில் எத்தியோப்பிய எல்லையில் பிரேமிந்திர சிங் பகத் என்ற இளம் இந்திய அதிகாரி நான்கு நாளில் 55 மைல் பாதையில் 15 கண்ணிவெடி வயல்களை அகற்றினார். இரண்டு முறை அவருடைய வண்டியே வெடித்தது, ஒரு செவிப்பறை கிழிந்தது. அப்படியும் மாற்று ஆள் வேண்டாம் என்று சொன்னவர். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தில், நாட்டை இழந்து வந்திருந்த போலந்து ராணுவ அதிகாரி யுசெஃப் கொசாட்ஸ்கி, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய டிடெக்டரை வடிவமைத்தார். ஒரு கம்பு, அதன் நுனியில் காயில்கள், முதுகில் பெட்டி, காதில் ஹெட்போன். 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் பாலைவனத்துக்கு 500 கருவிகள் போயின. காப்புரிமைக்குப் பணம் கேட்காமல் பிரிட்டிஷாரிடம் அவர் கொடுத்துவிட்டார். உங்க கையில் இருக்கும் கருவியின் உருவம் அப்போது வந்ததுதான்.

தமிழ் பேசுகிறவர்கள் இந்தச் சத்தத்தை உயிரைப் பணயம் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் போகும் வழியில் முகமாலை. போரின்போது இரு தரப்பின் முன்னரங்கும் அங்கேதான். 2009-ல் போர் முடிந்தபிறகும் மண்ணுக்குள் வெடிகள் அப்படியே கிடந்தன. ஹேலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் வேலை செய்து அவற்றை எடுத்தவர்களில் பெண்கள் நிறைய, கணவரைப் போரில் இழந்தவர்கள் உட்பட. அங்கே ஒரு 'பீப்' வந்தால் அது சோடா மூடியா வெடியா என்று ஊகிக்க உரிமையில்லை. ஒவ்வொன்றையும் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கிளறிப் பார்த்தாக வேண்டும். நம்ம நேயர் ஒரு மணி நேரத்தில் சலித்துப்போகிற வேலையை அவர்கள் வருஷக்கணக்காகச் செய்கிறார்கள்.

இப்போ ராசிபுரம். இந்தச் சமவெளியின் மேற்கே கஞ்சமலை நிற்கிறது. மலையில் மேக்னடைட் கலந்த பாறை அடுக்குகள் உண்டு. அது கரைந்து ஓடையில் வரும் கருமணலில் காந்தத்தை விட்டால் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட மண்ணில் டிடெக்டரை வைத்தால் எந்தப் பொருளும் இல்லாமலே மண் சத்தம் போடும். கார்ஃபீல்டின் மெத்தை மாதிரி. 'கிரவுண்ட் பேலன்ஸ்' வசதி இல்லாத விலை குறைந்த கருவியில் இந்தக் கூச்சலைக் கழிக்க முடியாது. எவ்வளவு நல்ல ஹெட்போன் போட்டாலும் கூச்சலைத்தான் தெளிவாகக் கேட்பீர்கள். இதோடு பழைய உலைகள் விட்டுப்போன இரும்புக் கசடு, அதுக்கு மேல நாமக்கல் லாரி பட்டறைகளின் போல்ட்டு, நட்டு, வாஷர்.

எல்லாவற்றையும் தாண்டி உண்மையாகவே ஒரு பழைய இரும்புத் துண்டு சிக்கியது என்று வைத்துக்கொள்வோம். உடனே தோண்டி எடுப்பதில் என்ன தப்பு?

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையைப் பாருங்க. பழைய சேலம் மாவட்டம்தான் அதுவும். 1965-ல் தர்மபுரியாகப் பிரிந்து, 2004-ல் கிருஷ்ணகிரி ஆனது. 2022 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்: அங்கே இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது. 4,200 வருஷம். அந்த எண் எங்கிருந்து வந்தது? இரும்பு இருந்த மண்ணடுக்கில் கிடைத்த கரிம மாதிரிகளின் ரேடியோகார்பன் சோதனையிலிருந்து. 104 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரி கி.மு. 1615, 130 சென்டிமீட்டரில் கி.மு. 2172. நடுவில் 26 சென்டிமீட்டர், 557 வருஷம். ஒரு மம்பட்டி வெட்டு அது!

டிடெக்டருக்குக் கரி கேட்காது. பானை ஓடு கேட்காது, எலும்பு கேட்காது, மண்ணின் நிறம் மாறுவது கேட்காது. 'பீப்' வந்த இடத்தில் குழி போட்டு இரும்பை வெளியே எடுக்கும்போது, அதற்கு வயசு சொல்லக்கூடிய எல்லாவற்றையும் கலக்கி ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். கையில் மிஞ்சுவது துருப்பிடித்த ஒரு துண்டு. பழைய இரும்புக்கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார்.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், மாற்றவே இல்லை. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தெரிவித்தால், உரிமையாளர் யாரும் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொள்வதாக இருந்தால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். வெள்ளைக்காரன் சட்டம் என்றாலும் இந்தக் கணக்கு ஓரளவு நியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவது தனிக் குற்றம்.

அதனால நண்பரே, கன்வெர்ட்டரை வாங்கி ரெண்டு காதிலும் கேளுங்க. உங்க தோட்டத்தில் புதைந்துபோன பைப் லைன் எங்கே போகிறது, ரோட்டவேட்டர் ஓட்டும் முன் காட்டில் உடைந்த கலப்பைக் கொழு எங்காவது கிடக்கிறதா, உழவடையில் அம்மா தொலைத்த தோடு இருக்கிறதா, இதுக்கெல்லாம் அது தாராளமாகப் போதும். உழுத மேல்மண்ணோடு நின்றுகொள்ளுங்க. அதற்குக் கீழே சத்தம் வந்தால், பக்கத்தில் கறுப்பு சிவப்புப் பானை ஓடும் கிடந்தால், ஹெட்போனைக் கழட்டி வைத்துவிட்டு ஒரு போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சு வைங்க, கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதுங்க. மனு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, சேர்ந்தே எழுதலாம்.