சீமை உதிர்ந்த அத்தி

குற்றுயிர், குற்றியலுகரம், குற்றாலம். மூன்றும் ஒரே சந்தியில் பிறந்த சொற்கள். 'குறு' என்பதை அடுத்து உயிரெழுத்து வந்தால் றகரம் இரட்டித்துக்கொள்ளும். குறு + உயிர் குற்றுயிர் ஆனதைப் போல, குறு + ஆல் குற்றால் ஆகி, 'அம்' சேர்ந்து ஊர்ப்பெயராக நின்றது என்று பொருள் சொல்வோர் உண்டு. நான் அந்தக் கட்சி. கோயிலின் தலமரம் குறும்பலா ஆயிற்றே என்று மடக்குகிறவர்கள் அங்கேயும் ஒரு 'குறு' உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கலாம். தாவரவியல்படி பலாவும் ஆலும் ஒரே குடும்பம்தான். ஆல், அரசு, அத்தி, இத்தி நான்குமோ இன்னும் நெருக்கம். நான்கையும் 'ஃபைகஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடக்குகிறார்கள். கிள்ளினால் நான்கிலும் பால் வடியும்.

ஆக, பெயரிலேயே அத்தியின் பங்காளியை வைத்திருக்கும் ஊர் இது. அந்த ஊரில் அத்திப்பழம் வாங்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை கிடைத்தது.

ஆடிச் சாரலில் பேரருவிக்குப் போகும் வழியில் பழக்கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஒரு மலாய் அகராதி. ரம்புத்தான் என்ற பெயரில் இருப்பது 'ரம்புட்', மலாயில் மயிர். துரியனில் இருப்பது 'டுரி', முள். மங்குஸ்தானும் கடல் தாண்டி வந்த பெயரே. இந்தப் பழங்கள் பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டன. நாம் நாக்குக்கு ஏற்றபடி கொஞ்சம் வளைத்துக்கொண்டோம். அவற்றுக்கு நடுவே, ஊதாவும் பச்சையுமாகத் தோல் வெடித்து அடுக்கியிருந்த பழத்துக்கு மட்டும் பச்சைத் தமிழ்ப் பெயர்: அத்தி.

"இது சீமையத்திதானே ஆச்சி?" என்று கேட்டேன்.

"அத்திப்பழம்."

"நாட்டத்தி கிடைக்காதா?"

"அதை யாரு வாங்குவா? பிட்டா உள்ளேயிருந்து கொசுல்லா பறக்கும்."

ஆச்சி சொன்னது கொசுவை அல்ல, குளவியை. ஆற்றோரங்களில் அடிமரத்திலிருந்தே கொத்துக்கொத்தாகக் காய்க்கிறதே, அதுதான் நம் பழைய அத்தி. தாவரவியலார் 'ஃபைகஸ் ராசிமோசா' என்பார்கள். அதன் பூக்கள் வெளியே தெரிவதில்லை. நாம் காய் என்று நினைக்கும் குடுவைக்குள்ளேயே பூத்துவிடும். குடுவையின் நுனியில் ஊசிமுனை போல ஒரு துளை. அதன் வழியாகச் சிறகு முறிய நுழைகிற பெண்குளவி மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. அடுத்த தலைமுறைக் குளவிகள் அந்தக் குடுவைக்குள்தான் பிறந்து வெளியே வருகின்றன. பூவைக் காண முடியாததால் 'அத்தி பூத்தாற்போல' என்ற மரபுத்தொடர். பிட்டால் நெளிவதால் 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழி. அத்தி வகையான ஐந்து 'உதும்பர'ப் பழங்களைச் சமணர் விலக்கி வைத்ததற்கும் காரணம் இந்த உயிர்களே.

கடையில் இருந்தது வேறு மரம். 'ஃபைகஸ் காரிக்கா'. காரியா என்பது இன்றைய துருக்கியின் தென்மேற்கு மூலையில் இருந்த பழைய நாடு. லத்தீன் பெயரிலும் ஒரு சீமை ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். (பப்பாளியின் அறிவியல் பெயர் 'காரிக்கா' என்று தொடங்குவதற்கும் அத்தியே காரணம், இலைச்சாயலைப் பார்த்து வைத்த பெயர்.) இதில் சாகுபடிக்குரிய பல வகைகள் குளவி இல்லாமலே பழுக்கும். இந்தியாவில் இதற்குப் பேர்போன இடம் புணே மாவட்டத்துப் புரந்தர். அவ்வூர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தி இந்த இரண்டு மரங்களையும் குழப்பிக்கொள்ளவில்லை. நம் ஆற்றங்கரை மரம் அங்கே 'கூலர்'. வந்த மரம், பாரசீகத்திலிருந்து வந்த சொல்லோடு 'அஞ்சீர்'. கன்னடத்திலும் அத்தி வேறு, அஞ்சூர வேறு. இந்திக்காரர்களும் அரிய பொருளை 'கூலர் பூ' என்றே சொல்கிறார்கள், அஞ்சீர்ப் பூ என்று அல்ல. நம் மரபுத்தொடரும் எந்த மரத்தில் பிறந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னும் பின்னால் போனால் 'அதவம்' என்ற சொல் வருகிறது. குறுந்தொகையின் 24ஆம் பாடலில் பரணர் ஆற்றங்கரை அதவத்தின் ஒற்றைப் பழத்தை ஏழு நண்டுகளின் காலடியில் போடுகிறார். ஊரார் நாக்கில் மிதிபடும் தலைவிக்கு அது உவமை. நண்டு மிதித்துக் கூழாகும் அந்தப் பழத்தைத் தமிழில் பதிவான முதல் அத்திக்கூழ் என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபிப்பார்கள்.

பிறகு எப்படி 'அத்தி' கைமாறியது? ஒரு பெரிய பங்கு தமிழ் வேதாகமத்துக்கு உண்டு என்பது என் எண்ணம். திருநெல்வேலிச் சீமையில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் முதலில் சந்தித்த அத்தி, ஆதாமும் ஏவாளும் இலை தைத்து உடுத்திய அத்திதான். அது காரிக்கா. இயேசுவைப் பார்க்கக் குள்ளனான சகேயு ஏறினானே, அந்த மரத்துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் 'காட்டத்தி' என்று பெயர் கொடுத்தார்கள். ஆமோஸ் தீர்க்கதரிசி பொறுக்கியதும் காட்டத்திப் பழங்களையே. வேடிக்கை என்னவென்றால், சகேயு ஏறிய மரமே நம் ஆற்றங்கரை அத்திக்கு உடன்பிறப்பு. ஃபைகஸ் பேரினத்துக்குள் இரண்டும் ஒரே உட்பிரிவில் வருகின்றன. அதுவும் அடிமரத்திலேயே கொத்தாகக் காய்ப்பது. சொந்தக்காரனுக்குக் 'காடு' என்று அடைமொழி போட்டுவிட்டு, விருந்தாளிக்கு வீட்டுப்பெயரைக் கொடுத்தாயிற்று.

பேச்சுவழக்கு அவ்வளவு அவசரப்படவில்லை. 'சீமை' என்று ஒரு முன்னொட்டை மாட்டி வைத்தது. எல்லை என்று பொருள்படும் வடசொல் அது. ஊர் எல்லையைக் குறித்து, நாட்டைக் குறித்து, கடைசியில் வெள்ளைக்காரன் நாட்டைக் குறித்தது. சீமையெண்ணெய், சீமைக் கருவேலம், சீமை அகத்தி வரிசையில் சீமையத்தியும் நின்றது. சீமையெண்ணெயில் அந்த முன்னொட்டு கெட்டியாக ஒட்டிச் 'சீமெண்ணெய்' ஆகிவிட்டது. அத்தியில் ஒட்டவில்லை, உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த மறுகணமே பழைய மரத்துக்கு ஒரு முன்னொட்டு தேவைப்பட்டது: நாட்டத்தி. நாட்டுக்கோழியும் நாட்டுச்சர்க்கரையும் நாட்டுத்தக்காளியும் இதே கதை. வெறும் கோழியாக இருந்ததுதான் ஒருநாள் நாட்டுக்கோழி ஆனது.

ஒரு கிலோ வாங்கினேன். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் ஆண் குரங்கு மந்திக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சுவதாகப் பாடினார். என் பையிலிருந்து பறிபோன இரண்டு பழங்களை எந்த மந்தியும் பெற்றதாகத் தெரியவில்லை, பறித்தவரே தின்றார். மீதியை ஜாம் போடுவது என்று முடிவு. அங்கே அடுத்த சொல் வழிமறித்தது.

'ஜாம்' ஆங்கிலத்தில் தின்பண்டமாக எழுத்தில் ஏறியது 18ஆம் நூற்றாண்டில். நெருக்கித் திணித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரும் சாலையில் நாம் மாட்டிக்கொள்கிற ஜாமும் அந்த வினையின் பிள்ளையே. தமிழில் இதற்குப் 'பழப்பாகு' என்று ஒரு சொல் செய்தார்கள். நல்ல சொல், அடுப்படிக்கு வரவில்லை. பாகு நமக்கு ஒழுகும் பொருள், கம்பி இழுக்கும் பொருள். ஜாம் ஒழுகாது.

செய்த சொல் வேண்டாம், இருந்த சொல்லே உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அந்தப் பக்கத்தில் பலாச்சுளையை வெல்லத்தோடு நெய்விட்டுச் சுண்டக் கிளறி ஜாடியில் வைப்பதற்குச் சக்க வரட்டி என்று பெயர். பலா ஜாம் என்றால் அதுதான். வரட்டுதல் என்றால் நீர் வற்றக் காய்ச்சுதல். செய்முறை முழுவதும் வினைக்குள் அடங்கியிருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரு சிக்கல். வரட்டி என்றால் நமக்குச் சுவரில் தட்டிய சாணம் நினைவுக்கு வரும்.

இன்னொரு வேட்பாளர், பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி மொரப்பா. அரபியில் 'முரப்பா' என்றால் வளர்க்கப்பட்டது, பக்குவமாக்கப்பட்டது. வளர்த்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பாரசீகம், இந்துஸ்தானி வழியாக இறங்கி வந்தது. வடக்கே நெல்லிக்காயைச் சர்க்கரைப்பாகில் ஊறப்போட்டால் முரப்பா. நம்மிடம் வந்து சேர்ந்தபோது ஈரம் முழுவதும் வற்றி வில்லையாகிவிட்டது.

அடுப்பில் வைத்தபின்தான் சரியான சொல் கண்ணில் பட்டது. காம்பைக் கிள்ளியதும் வடிகிற பாலைத் துடைத்துவிட வேண்டும். அதில் புரதத்தைக் கரைக்கும் ஒரு நொதி இருப்பதால் விரல் அரிக்கும். ஒரு கிலோ பழத்துக்கு அறுநூற்றைம்பது கிராம் சர்க்கரை, மூன்று எலுமிச்சை. எலுமிச்சையை விட்டுவிடக் கூடாது. அத்தி இனிப்பில் தாராளம், புளிப்பில் கஞ்சம். புளிப்பு இல்லாவிட்டால் பழத்திலுள்ள பெக்டின் சேர்ந்து இறுகாது. கடை ஜாமுக்குச் சட்டம் சொல்லும் அளவு, கரைந்த திடப்பொருள் நூற்றுக்கு 65 பங்கு, பழம் 45 பங்கு. அந்த அடர்த்தியில் பெரும்பாலான கிருமிகளுக்கு உயிர்வாழ நீர் மிஞ்சாது. வெப்பமானியில் 104, 105 டிகிரி வந்தால் இறக்கலாம். என்னிடம் வெப்பமானி இல்லை. கரண்டியைச் சரித்தால் சொட்டாமல் தயங்கி, மடிந்து, திரளாக விழுந்தது. அந்தத் தயக்கத்துக்குச் சித்த மருத்துவம் எப்போதோ பெயர் வைத்துவிட்டது: லேகியப் பதம். நக்குதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல். ஐப்பசி தவறாமல் நம் வீடுகளில் கிளறுகிற தீபாவளி மருந்தும் இதே பதம்தான், இதே கரண்டிதான்.

ஆனாலும் வம்புக்காகப் புட்டியில் 'சீமையத்தி வரட்டி' என்று எழுதி ஒட்டினேன். "தோசைக்கு யாராவது வரட்டியத் தொட்டுக்கிடுவாகளா?" என்று அம்மா சீட்டைக் கிழித்துவிட்டாள். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொட்டைப்பாக்களவு எடுத்து உருட்டி வாயில் போட்டுக்கொள்கிறாள். கேட்டால் அத்தி லேகியமாம். சுக்கும் மிளகும் போட மறந்துவிட்டேனாம்.