வீரபாண்டி வட்டாரத்தில் பிள்ளைத்தாய்ச்சி, பாலூட்டும் தாய் உணவு: விளைச்சலும் வேளையும்

1. ஆய்வுப் பொருள்

தேனிக்கும் சின்னமனூருக்கும் இடையே முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீரால் நெல்லும் வாழையும் தென்னையும் செழிக்கும் பள்ளத்தாக்கு இது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இங்கே குறை பண்டத்தில் அல்ல, அதை உண்ணும் வேளையிலும் சேர்க்கையிலுமே பெரிதும் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. தேவையின் அளவு

2.1. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக வேண்டுவது 350 கிலோ கலோரி. இரண்டு இட்லி, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை அதை ஈடுகட்டும். ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடு’ என்று சோற்றை மட்டும் குவிப்பது பயன் தராது. கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் புரதமும் கூடுதலாகத் தேவை.

2.2. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் கூடுதல் தேவை 600 கிலோ கலோரி. அதாவது, பிரசவத்துக்கு முன்னைவிடப் பின்னரே பசி பெரிது.

3. கிடைப்பதும் உடலில் சேர்வதும்

3.1. கொல்லை முருங்கைக்கீரை, பாசிப்பயறு, முட்டை, வைகை அணை மீன் ஆகியவை எட்டாத பொருள்கள் அல்ல. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு.

3.2. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குச் செல்கிறார்கள். காலைச் சாப்பாடு தள்ளிப்போகிறது. வெறும் வயிற்றில் கட்டங்காப்பி இறங்குகிறது. சாப்பாட்டோடு டீயோ காப்பியோ குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லியும் கொய்யாவும் அதைக் கூட்டும்.

3.3. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் முதல் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் நாள்தோறும் ஒன்று. கால்சியம் மாத்திரையை அதே வேளையில் விழுங்கக் கூடாது. குமட்டுபவர்கள் இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம்.

4. பிரசவப் பத்தியம்: ஒரு மதிப்பீடு

4.1. கொள்ளத்தக்கவை: பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, கருவாடு. பின்னவை இரண்டும் புரதம் தருகின்றன. கருவாட்டில் உப்பு மிகுதி. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

4.2. தள்ளத்தக்கவை: பச்சைத் தண்ணீரைக் குறைப்பதும் கீரை, பழங்களை விலக்குவதும். வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும் சித்திரை வெயிலில் பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பது தீங்கு.

4.3. தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் கால்சியமும் இரும்பும் பெரிதாகக் குறைவதில்லை. கால்சியம் அவள் எலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே பிள்ளை கொழுகொழுவென்றிருப்பது தாயின் நலத்துக்குச் சான்றாகாது. வைட்டமின் ஏ, பி12, அயோடின் ஆகியவை தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும்.

5. முடிவு

1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் சேர்ந்தது. பண்டம் வீட்டுக்கு வருகிறது. அதற்கேற்ற வேளைக் கணக்கும் வர வேண்டும். ஜீப் ஏறுமுன் கேழ்வரகுக் கூழ், தூக்குவாளியில் முட்டையோ பயறோ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே காப்பி, இரவில் இரும்பு மாத்திரை என்று அங்கன்வாடியில் சொல்லலாம். பத்தியத்தை முடிவு செய்யும் மாமியாரையும் தாயையும் அந்தப் பேச்சில் உட்கார வைத்தால்தான் அது அடுப்படிக்குப் போய்ச் சேரும்.