வன முகாமைத்துவம்: மத்திய மலைநாடு

வன முகாமைத்துவம் என்பது காட்டை வெட்டுமரக் கிடங்காக மட்டும் பார்க்காமல், நீர், மண், விறகு, உயிரினம், சரிவில் குடியிருப்போரின் பாதுகாப்பு என எல்லாப் பயன்களையும் கருதிப் பேணும் முறை. இலங்கையின் மத்திய மலைநாட்டில் இம்முறை மன்னர் காலம் முதல் பல கைகள் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு காலத்திலும் பயன் பெற வேண்டியவர் யார் என்ற கணக்கும் மாறியது. காட்டுக்கு மிக அருகில் வாழும் தேயிலைத் தோட்ட மக்கள் அந்தக் கணக்கில் கடைசியாகவே சேர்க்கப்பட்டார்கள்.

மலைநாட்டுச் சரிவின் நலன் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு வட்டவளை ஓர் எடுத்துக்காட்டு. ஹற்றனுக்கும் கினிகத்தேனைக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் அது இருக்கிறது. தென்மேல் பருவக்காற்றை நேரே ஏற்கும் சரிவு இது. ஆண்டு மழை சராசரி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இங்கே பெய்யும் மழை மகாவலியின் மேற்பகுதியில் சேர்ந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியே இறங்குகிறது. 1976 முதல் அதன் ஒரு பகுதி பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, சுரங்கம் வழியாகச் சென்று அநுராதபுர மாவட்டத்துக் கலாவெவ வரை வயலுக்குப் பாய்கிறது. வட்டவளைச் சரிவில் மண் தங்குவதும் கரைவதும் வறண்ட வலயத்து விவசாயியையும் தொடும் காரியம்.

கண்டி மன்னர் காலத்தில் சில காடுகள் ‘தஹனம் கெலே’, அதாவது தடைசெய்யப்பட்ட காடு எனக் காக்கப்பட்டன. கண்டி அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகலே அப்படிப்பட்டது. மற்ற இடங்களில் கிராமத்தார் சேனை வெட்டினார்கள், தேன் எடுத்தார்கள், மரம் எடுத்தார்கள். உரிமை எழுத்தில் இல்லை, வழக்கில் இருந்தது.

அந்த வழக்கை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் உடைத்தது. உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டு விற்கப்பட்டன. 1844 வரை ஏக்கர் ஒன்றின் விலை ஐந்து சிலிங். வாங்கியவர்களில் ஆங்கிலேய அதிகாரிகளே பலர். கோப்பிக்காகக் காடு வெட்டிய விதத்தை வாசிக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. சரிவின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியில் நிற்கும் பெருமரங்களை மட்டும் முழுதாக வீழ்த்துவார்கள். அவை விழும் வேகத்தில் அடுத்தடுத்த வரிசைகள் சாய்ந்து மலைச்சரிவே ஒரே இரைச்சலோடு சரியும். பிறகு வெயிலில் காயவிட்டுத் தீ வைப்பார்கள். வெட்டும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தார் ஒப்பந்தத்தில் செய்தார்கள். சாம்பல் மேட்டில் குழி வெட்டிக் கோப்பி நட்டவர்கள் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்கள்.

1869இல் கோப்பி இலைத்துரு நோய் தோன்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். கோப்பி சரிந்ததும் தேயிலை அதன் இடத்தை எடுத்துக்கொண்டு மேலும் உயரே ஏறியது. அந்த ஏற்றம் தொடங்கிய வேளையில், 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என வற்புறுத்தினார். காடு போனால் மழையும் ஊற்றும் மண்ணும் போகும் என்பது அவர் வாதம். மரத்தின் விலையைத் தாண்டிய பயனுக்காக மலைநாட்டுக் காட்டை அரசு ஒதுக்கியது இதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அந்தக் கோடு உயரத்தை மட்டுமே அளந்தது. மழை மிகுந்த வட்டவளை ஏறக்குறைய 3,300 அடியில் இருப்பதால் கோட்டுக்குக் கீழே விடப்பட்டது.

இந்தியாவிலிருந்து வந்த காட்டு அதிகாரி வின்சென்ட் 1882இல் அறிக்கை தந்தார். 1885இல் காட்டுச் சட்டமும் 1887இல் காட்டுத் திணைக்களமும் வந்தன. 1929இல் முதல் வனக் கொள்கை வந்தது. சிவனொளிபாதமலைக் காடு 1940இல் சரணாலயமாயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து உலக மரபுரிமையாயின. சட்டங்கள் இப்படி வரிசையாக வந்த காலத்திலேயே காடு சுருங்கிக்கொண்டும் இருந்தது. 1880களில் நாட்டில் சுமார் 84 சதவீதமாக மதிப்பிடப்பட்ட காடு 1956இல் 44 சதவீதமாகவும், 1990களின் தொடக்கத்தில் 24 சதவீதமாகவும் குறைந்தது.

தோட்டங்களுக்குள் நட்டு வளர்த்த மரங்களின் கதை வேறு. தேயிலைக்கு நிழல் தரச் சவுக்கு எனப்படும் கிரவிலியா, விறகுக்கு யூகலிப்டஸ், தரிசுப் புல்வெளியை மூடப் பைனஸ். யூகலிப்டஸை மலையகத்தில் டர்பன்டைன் மரம் என்றே சொல்வார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புகள் மீண்டும் விறகுக்குத் திரும்பின. விளைச்சல் குறைந்த தேயிலை மலைகள் விறகுக் காடாக மாறின. இம்மரங்கள் நீரை உறிஞ்சிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு இன்றும் தீரவில்லை. பைனஸுக்கு அடியில் உள்ளூர் மரங்களை நட்டுக் காட்டை மெல்ல மாற்றும் முயற்சி சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் நல்ல பலன் தந்திருக்கிறது. மலைநாட்டுக்கும் அது ஏற்றது.

1980ஆம் ஆண்டுக் கொள்கை முதன்முறையாக மக்கள் பங்கேற்பைப் பேசியது. 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களும் அதில் அடங்கின. கிராமத்தாருக்கு அரச நிலத்தில் மரம் நடவும் பயன் எடுக்கவும் வழி கிடைத்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயன்களில் வாழ்ந்தவர்களுக்கோ சொந்த நிலம் இல்லை. அவர்கள் நின்ற மண் தோட்டத்துடையது. பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறையும் காய்ந்த கிளைகளையும் கட்டித் தலையில் சுமந்து வந்த பெண்ணுக்கு எந்தத் திட்டமும் விறகுக் காடு ஒதுக்கவில்லை. அந்தப் பெண்ணைக் காட்டின் எதிரியாகக் காட்டுவது அநியாயம்.

1990களின் தொடக்கத்தில் வட்டவளை ரயில் பாதைச் சரிவு நகர்ந்தது. நீர் ஊறிய பழைய மண்குவியல் தண்டவாளத்தோடு கீழிறங்கியது. மலைக்குள் வடிகுழாய்கள் செலுத்தி நிலத்தடி நீரை வெளியேற்றிய பிறகே அசைவு கட்டுக்குள் வந்தது. மரம் இல்லாததை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆழ வேர் விடும் காடு நின்ற இடத்தில் வரிசைத் தேயிலை நிற்கும்போது, வடிகால் கான் அடைபடாமல் நீரை வடித்துவிடும் பொறுப்பு முழுதும் மனிதன் தலையில் விழுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையிலும் மலைச்சரிவு இறங்கியது; லயன்களே மண்ணுக்குள் புதைந்தன.

தேயிலை மலைகளுக்கிடையே ஓயா ஓரங்களில் எஞ்சிய துண்டுக் காடுகளில் இன்னும் சிறுத்தைகள் வாழ்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் தோட்டக் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை ஒன்று இறந்தது. இந்தத் துண்டுகள் ஊற்றைக் காக்கின்றன, சரிவைப் பிடித்து வைக்கின்றன, விலங்குக்கு வழி விடுகின்றன. இவற்றுக்கு உயரத்தை அல்ல, மழையையும் சரிவையும் அளந்து ஒரு பாதுகாப்புக் கோடு வரைய வேண்டும். வரைவதற்கு முன் லயன் மக்களைக் கூட்டி அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.