காப்பு

தமிழில் காப்பு என்ற சொல் கையில் அணியும் வளையையும் குறிக்கும், காவலையும் குறிக்கும். குழந்தையின் நகையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. புறநானூற்றின் 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், போர்க்களத்தில் நிற்கும் பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையைச் சொல்லும்போது, அவன் தாலியைக்கூட இன்னும் களையவில்லை என்கிறார். உரைகாரர்கள் இதை ஐம்படைத்தாலி என்பர். சங்கு, சக்கரம், வாள், வில், கதை என்னும் திருமாலின் ஐந்து படைகளைச் சிற்றுருவாகக் கோத்த அணி அது.

புதுக்கோட்டை மண்ணுக்கும் நகை புதிதல்ல. பொற்பனைக்கோட்டையில் 2023இல் நடந்த அகழாய்வில் சிறிய பொன்னணியும் சூதுபவள மணியும் கிடைத்தன. இன்றும் தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்தும்போது குழந்தைக்குப் பொன் ஏறுகிறது.

அந்தப் பொன்னில் கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றுண்டு: பற்றவைத்த இணைப்பு. தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூட்டிய பழைய பொடி இணைப்பிலேயே தங்கிவிடும்; நகையை உருக்கினால் மாற்றுக் குறையும். காட்மியம் இக்குறையைத் தீர்த்தது. 321 டிகிரி செல்சியஸில் உருகி 767 டிகிரியில் கொதிக்கும் உலோகம் அது. பற்றவைக்கும் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். கேடிஎம் என்ற மூன்றெழுத்து தூய்மையின் மறுபெயராகக் கடைப் பலகைகளில் ஏறியது. ஆவியான காட்மியமோ ஊதுகுழலோடு குனிந்திருந்த பத்தரின் நுரையீரலுக்குள் சென்று சிறுநீரகத்தில் தங்கியது. முத்திரைத் தங்கத்தில் காட்மியப் பற்றுக்கு இப்போது இடமில்லை.

குழந்தைகளிடம் இத்தகைய நஞ்சு வந்து சேர்ந்தது மலிவு நகையின் வழியாக. 2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ரீபோக் காலணியோடு இலவசமாகத் தரப்பட்ட கைச்சங்கிலியின் இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்தான். அதில் 99 விழுக்காடு ஈயம். மூன்று லட்சம் சங்கிலிகள் திரும்பப் பெறப்பட்டன. 2008இல் அந்நாடு குழந்தைப் பொருள்களில் ஈயத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 2010 ஜனவரியில், சீனாவிலிருந்து வந்த குழந்தை நகைகள் சிலவற்றில் 91 விழுக்காடு வரை காட்மியம் இருப்பதை அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்தியது. ஒரு நஞ்சுக்குத் தடை வந்ததும் இன்னொன்று அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது.

பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் ஈர்த்துக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேடற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் நகையை விழுங்கத்தான் வேண்டும் என்பதில்லை, சப்பினாலே போதும்.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கும், அதே ஆண்டு ஜூன் முதல் படிப்படியாகத் தங்க நகைகளுக்கும் தர முத்திரை கட்டாயமாயிற்று. தங்கத்தின் முத்திரை மாற்றைச் சொல்கிறது. ஆனால் நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாவில் அழும் குழந்தைக்குப் பாசிமணி வாங்கும் தாய் எந்த முத்திரையைத் தேடுவாள்? பொன் வாங்குகிறவருக்கு ஏமாறாதிருக்க ஒரு வழி செய்தாயிற்று. பத்து ரூபாய்ப் பதக்கம் வாங்குகிறவரின் பிள்ளைக்கும் காப்பு வேண்டும்.