ஓகே: ஒரு சொல்லின் பிறப்பு

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நான் ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையைச் சொல்ல வந்தது நேயர்கள் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் ‘ஓகே’ என்பதை இன்று யார் ஆங்கிலமாக எண்ணுகிறார்கள்? சந்தையில் மரக்கறி விற்பவரும் சொல்கிறார். வகுப்பிலே “விளங்கிற்றா?” என்று கேட்டால், “ஓகே சேர்” என்றே பதில் வருகிறது.

இலக்கண ஆசிரியனுக்கு இது தொல்லை தரும் சொல். ‘அதிபர் ஓகே பண்ணிவிட்டார்’ என்னும்போது வினைக்குத் துணை, ‘அவருடைய ஓகே கிடைத்தது’ என்னும்போது பெயர், ‘ஓகேயா?’ என்றால் வினா. ‘சாப்பாடு ஓகே’ என்பதுதான் மிக நுட்பமானது. நன்று என்றும் பொருளில்லை, தீது என்றும் பொருளில்லை. வீட்டுக்காரியின் மனம் நோகாமல் தப்பிக்க விரும்புபவரின் சொல் அது!

இச்சொல்லின் பிறப்புக்குக் கதைகள் பல. கிரேக்க மொழியில் ‘எல்லாம் நலம்’ எனப் பொருள்படும் ‘ஓலா கலா’ என்றனர் சிலர். அமெரிக்கப் பழங்குடியினரான சொக்டோ மக்களின் ‘ஓகே’ என்றனர் வேறு சிலர். மேற்கு ஆபிரிக்க மொழிகளிலே தேடியவர்களும் உளர். எல்லாம் காதுக்கு இனியவை. ஆனால் ஒலியொற்றுமை சான்றாகாது. உலகச் சொற்களையெல்லாம் தமிழுக்குள் அடக்கப் புறப்படும் எம்மவர்க்கும் இதையே நான் சொல்வதுண்டு. ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துக்குச் சென்றதை எவரும் மறுப்பதில்லை. ஏனெனில் 1697இல் வெளிவந்த வில்லியம் டம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் அம்மிதவை பேசப்படுகிறது. ஆண்டும் ஏடும் வேண்டும்.

‘ஓகே’யின் ஏட்டைத் தேடிப் பிடித்தவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் வோக்கர் ரீட். பழைய பத்திரிகைகளைத் துருவி ஆராய்ந்து, 1963, 1964ஆம் ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்னும் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார். அவர் காட்டிய சான்று 1839 மார்ச் 23ஆந் திகதிய ‘பொஸ்டன் மோர்னிங் போஸ்ட்’. மணியடிப்பதை எதிர்க்கும் சங்கம் என்றொரு வேடிக்கைச் சங்கத்தைப் பற்றிய குறிப்பிலே, ‘எல்லாம் சரி’ என்ற விளக்கத்தோடு ஓ, கே என்னும் எழுத்துகள் அச்சாகியிருந்தன.

‘ஓல் கரெக்ட்’ என்பதைச் சுருக்கினால் ஏ, சி என்றல்லவா வரவேண்டும்? அங்கேதான் நகைச்சுவை. வேண்டுமென்றே எழுத்துப் பிழைவிட்டு, அப்பிழையையும் சுருக்கி எழுதுவது அக்காலப் பத்திரிகையாளரிடையே ஒரு மோகம். ‘ஓல் ரைட்’ என்பதற்கு ஓ, டபிள்யூ என்றும் எழுதினார்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தியே காலங்கழிக்கும் எனக்கு, ஒரு பிழை உலகை வென்ற இக்கதை சற்றே சங்கடமானதுதான்.

அந்த மோகம் விரைவில் மறைந்தது. ஓகே மட்டும் பிழைத்தது. காரணம் 1840ஆம் ஆண்டுத் தேர்தல். சனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் நியூயோர்க் மாநிலத்துக் கின்டர்ஹூக்கிலே பிறந்தவர். ‘ஓல்ட் கின்டர்ஹூக்’ என்ற பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ, கே! ஆதரவாளர்கள் ஓகே கழகம் அமைத்து ஆர்ப்பரித்தனர். எதிரணியினரோ, முன்னாள் சனாதிபதி அண்ட்ரூ ஜக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமையால் பிறந்த சொல் இது என்று கதைகட்டினர். வான் பியூரன் தோற்றார். சொல்லோ ஊரெங்கும் பரவிவிட்டது. பின்னர் தந்தியாளர்களும் புகையிரதப் பகுதியினரும், செய்தி கிடைத்தது என்பதற்கு அந்த இரண்டெழுத்தையே பயன்படுத்தினர்.

சொக்டோக் கதையை நம்பியவர்களுள் ஒருவர் சனாதிபதி வுட்ரோ வில்சன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த கல்விமான் அவர். அம்மக்களின் சொல்லென எண்ணி, அதற்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே ஆவணங்களில் எழுதி ஒப்புதலளித்தார். ரீட் தம் சான்றுகளை வெளியிட்டபோது வில்சன் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.